இரண்டு கார், ஒரு விரல்

பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்கு நானும் என் மனைவியும் பதினோரு மாதங்களாக இரண்டு காரில் போய்க்கொண்டிருந்தோம். ஒரே வீட்டிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே சாமியைக் கும்பிட. நான் முதலில் கிளம்புவேன். இரண்டு நிமிடம் கழித்து அவள் கிளம்புவாள். நான் போய்ச் சேரும்போது அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருப்பாள். எப்படி என்று இன்றுவரை தெரியாது.

நியூ ஜெர்சியில் எல்லோரும் கார் ஓட்டுகிறவர்கள்தான். ஆனால் புருஷன் பெண்டாட்டி சனிக்கிழமை காலையில் தனித்தனிக் காரில் வந்து இறங்கினால் நம் ஜனங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு நாள் கோவில் கேன்டீனில் எழுபது வயது அங்கிள் ஒருவர் புளியோதரைத் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். வக்கீல்கிட்ட மட்டும் போயிடாதீங்க.”

“அங்கிள், அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெறும் கார் பிரச்சனை.”

“எல்லாம் அப்படித்தாம்பா ஆரம்பிக்கும்” என்றார். என் தட்டில் தன் பங்கு அப்பளத்தையும் வைத்துவிட்டுப் போனார். துக்க வீட்டில்கூட எனக்கு அவ்வளவு கரிசனம் கிடைத்ததில்லை.

கார் பிரச்சனை என்றேனே, அதுவும் முழு உண்மை அல்ல. வாய்ப் பிரச்சனை. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் நான் சாந்தமானவன்தான், பக்கத்தில் லாரி வராதவரை, லேன் மாறாதவரை, எக்ஸிட் நெருங்காதவரை, மழை பெய்யாதவரை. மற்ற நேரங்களில் கத்துவேன். எதிரே வருபவனை, ஜிபிஎஸ்ஸை, பாலத்தை, எல்லோருக்கும் மேலாகப் பக்கத்தில் இருப்பவளை. டெக்ஸாஸில் வேலை பார்க்கும் என் மகள் இதற்கு ‘ப்ராட்காஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். எங்கள் காரில் ஏர்பேக் மொத்தம் ஆறு. விபத்து எதுவும் நடக்காமலே வெடிக்கும் ஏழாவது ஏர்பேக் நான்.

பதினோரு மாதத்துக்கு முன் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவள் பட்டுப்புடவையில், மடியில் பழம் வெற்றிலை வைத்த தாம்பாளத்தோடு. 287 நெடுஞ்சாலையில் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டேன். விட்டது நான். கத்தியதும் நான்தான். “எக்ஸிட் வருதுன்னு சொல்ல மாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவள் தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விசேஷம் முடிந்து வேறு யாருடைய காரிலோ வீட்டுக்கு வந்தாள். வந்து, காபி போட்டுக் கொடுத்துவிட்டு, “இனிமேல் உங்க வண்டியில ஏற மாட்டேனுங்க” என்றாள். சண்டைக் குரலே இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்பதைப்போலச் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். தகவல் சொல்கிறவளை என்ன செய்வது?

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். ஒரு நாள் போன் செய்து, “அப்பா, ஐ புக்ட் அயர்லாந்து ஃபார் போத் ஆஃப் யூ. ஒன் கார். ஒன்லி ஒன். ப்ளீஸ் டோன்ட் ப்ராட்காஸ்ட்” என்றாள். எங்களுக்கு அயர்லாந்தில் ஒருவரையும் தெரியாது. அதுதான் அவள் போட்ட திட்டம். யார் வீட்டுக்கும் போய் ஒளிந்துகொள்ள முடியாது.

விமானத்தில் பெல்ட்டைப் போட்ட கையோடு என் மனைவி சட்டத்தை வாசித்தாள்.

“ஏனுங்க, இப்பவே சொல்லிப்போடறேன். வண்டிக்குள்ள ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம் வந்தாலும் அங்கியே இறங்கிக்குவேன். பஸ்ஸோ, மாட்டு வண்டியோ, நான் பாத்துக்கறேன். அப்புறம் ஊருக்குப் போயும் ஆயுசுக்கும் ரெண்டு வண்டிதான்.”

“நான் எதுக்குக் கத்தப் போறேன்? லெஃப்ட்ல ஓட்டறது நமக்குப் புதுசா? ஈரோட்டுல எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினவன் நான்.”

“அது ஸ்கூட்டருக்குங்க.”

“பேலன்ஸ் எல்லாம் ஒண்ணுதான்.”

வாடகைக் கார் கவுன்ட்டரில் இருந்த பெண் ஆட்டோமேட்டிக் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டாள். நான் இரண்டு முறையும் புன்னகைத்து, கியர் வண்டியே போதும் என்றேன். வீரம் பாதி, சூது பாதி. அமெரிக்கா வந்த புதிதில் நான் வாங்கிய பழைய கார் கியர் வண்டி. என் மனைவி ஓட்டக் கற்றது நியூ ஜெர்சியில், ஆட்டோமேட்டிக்கில். கியர் வண்டி அவளுக்குத் தெரியாது. அவளிடம் சாவி போய்விடக்கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்டேன். என் புத்திசாலித்தனம் எப்போதும் என்னையே குறிவைத்துத்தான் வேலை செய்யும்.

காரில் ஏறி உட்கார்ந்தேன். முன்னால் ஸ்டீயரிங் இல்லை. ஒரு நொடி, யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். பக்கத்தில் பார்த்தால், பழக்கதோஷத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறிய என் மனைவியின் எதிரே அது இருந்தது. இருவரும் பத்து விநாடி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

“ஏனுங்க, நான் ஓட்டோணுமா?”

“சீட் எப்படி இருக்குன்னு பாத்தேன்” என்று இறங்கினேன்.

முதல் இரண்டு நாள் பெரிய சாலைகளிலேயே போனோம். கியர் மாற்றப் போகும் ஒவ்வொரு முறையும் என் வலது கை கதவில் போய் முட்டியது. இருபத்திரண்டு வருட அமெரிக்கா என் கைக்குள் குடியேறி கிரீன் கார்டு வாங்கியிருந்தது. ரவுண்டானாக்கள் வந்தன. தொண்டைவரை வந்த கூச்சலை இருமலாக மாற்றினேன். சில நேரம் கொட்டாவியாக. ஒரு ரவுண்டானாவில் மட்டும் சமாளிக்க முடியாமல் “முருகா!” என்று அலறிவிட்டேன். பயந்துபோய் அவளைப் பார்த்தேன். அவள் நீதிபதிபோல யோசித்தாள்.

“சாமி பேரு கணக்குல வராது” என்றாள். “ஆனா வால்யூம் கம்மி பண்ணுங்க. முருகனுக்குக் காது நல்லாவே கேக்கும்.”

மூன்றாம் நாள் மழை. அந்த ஊர் மழை பெய்வதில்லை, சும்மா நிற்கிறது. வயல், கல்சுவர், மாடு, எல்லாவற்றின்மேலும் ஈரத்துணியைப் போர்த்தியதுபோல. நாங்கள் தங்கியிருந்த சிறிய வீட்டின் சொந்தக்கார அம்மாள் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். வானத்தைப் பார்த்து, இன்று ‘சாஃப்ட் டே’ என்றார். இந்த அடைமழையை மென்மை என்று சொல்லும் நாடு, கடுமை என்று எதைச் சொல்லும் என்று யோசித்தேன்.

என்னிடம் எக்செல் ஷீட் இருந்தது. பத்தரைக்குக் கோட்டை, பன்னிரண்டுக்கு இன்னொரு கோட்டை. லேப்டாப்பைத் திறந்ததுமே என் மனைவி மூடிவிட்டாள்.

“இன்னைக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. ஒண்ணுமே.”

ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்தாள். எதிரே ஒரு மாடு நின்று எங்களைப் பார்த்தது. நான் மாட்டைப் பார்த்தேன். காலை முழுவதும் நடந்தது இவ்வளவுதான். நடுநடுவே எழுந்து போய் கார் இருக்கிறதா என்று பார்த்து வந்தேன். இருந்தது.

மதியம் தாண்டி அவளாகவே சொன்னாள். “மழையில கடல் பாக்கோணும். வண்டியில இருந்தே. இறங்க வேண்டாம். ஃப்ளாஸ்க்ல டீ எடுத்துக்கலாம், முறுக்கு இருக்குது.”

பதினோரு மாதத்தில் முதல்முறையாக அவளாகவே என் காரில் ஏறக் கேட்கிறாள். எனக்குக் கிரீடம் வைத்ததுபோல் இருந்தது. வீட்டுக்கார அம்மாளிடம் ஓடிப்போய் வழி கேட்டேன். பெரிய சாலை சுற்று வழியாம். ஏரிக்கரையோரமாக ஒரு சாலை போகிறது, அது சீக்கிரம் போய்விடும் என்றார். சாலை எப்படி என்று கேட்டேன். “ஓ, இட்ஸ் கிராண்ட்” என்றார்.

கிராண்ட்! இந்த வார்த்தையை நாம் எங்கே பயன்படுத்துகிறோம்? கல்யாணத்தைக் கிராண்டாக நடத்தினார்கள் என்றால் மூவாயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்று அர்த்தம். கிராண்ட் புடவை என்றால் ஒரு முழம் ஜரிகை. ஆகவே ஏரிக்கரை ஓரமாக நான்கு லேன், நடுவில் பூச்செடி என்று நான் கற்பனை செய்துகொண்டேன். அந்த நாட்டில் ‘கிராண்ட்’ என்றால் ‘உயிர் போகாது’ என்றுதான் அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திரும்பியதும் சாலை ஒரு கார் அகலத்துக்குச் சுருங்கியது. அந்த ஒரு காரும் மெலிந்த காராக இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உயரப் புதர்வேலி. சாலை நடுவில் புல் முளைத்திருந்தது. ஓரத்தில் ஒரு பலகை, அறுபது கிலோமீட்டர் வேகம்வரை போகலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்தது. நான் பதினெட்டில் போய்க்கொண்டிருந்தேன். இலைகள் அவள் பக்கக் கண்ணாடியில் சளார் சளார் என்று அடித்தன.

“ஜன்னலை இறக்கினா கறிவேப்பிலை பறிச்சிக்கலாம்” என்றாள்.

நான் இருமினேன்.

எதிரே ஒரு பழைய வேன் வந்தது. ஒரு வேலிக் கதவுப் பக்கம் ஒதுங்கி எனக்கு வழி விட்டது. கடக்கும்போது தொப்பி போட்ட அந்த ஓட்டுநர், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆட்காட்டி விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். முகத்தில் சிரிப்பில்லை.

எனக்குச் சுரீர் என்றது. எதிரே வருகிற வண்டிக்காரன் விரலைக் காட்டினால் என்ன அர்த்தம் என்று ஈரோட்டில் வண்டி ஓட்டியவனுக்குச் சொல்லவா வேண்டும்? பகலில் லைட் எரிகிறது. சைடு ஸ்டாண்டு எடுக்கவில்லை. டயரில் காற்று இல்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் துப்பட்டா சக்கரத்தில் மாட்டப்போகிறது. முகம் தெரியாத மனிதர்கள் சாலை நெடுக அப்படித்தான் என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

“என்னமோ சொல்றான்” என்றேன்.

“என்னன்னு?”

லைட் எரிந்துகொண்டிருந்தது. அதுதான் என்று அணைத்தேன். அடுத்த வளைவில் ஒரு கார். பக்கத்து சீட்டில் நாயை உட்காரவைத்து ஓட்டிவந்த பெண்மணி. அவரும் விரலை உயர்த்தினார். லைட்டைப் போட்டேன். அடுத்து ஒரு பால் வண்டி. விரல். அணைத்தேன். அடுத்து தபால் வண்டி. விரல். நான் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் போனதில், அந்த ஏரிக்கரையில் கல்யாண வீட்டு சீரியல் செட் போல இருந்திருப்போம்.

“வண்டியை நிறுத்திப் பாத்துருங்க” என்றாள். அவள் குரலிலும் இப்போது சந்தேகம் ஏறியிருந்தது.

மழையில் இறங்கினேன். நான்கு டயரையும் உதைத்தேன். டயரை உதைத்து என்ன கண்டுபிடிப்பது என்று தெரியாவிட்டாலும், உதைக்கிற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். குனிந்து அடியில் பார்த்தேன். சுற்றி வந்தேன். அங்கே, அவள் பக்கக் கதவுக்கு வெளியே, அவளுடைய சால்வையின் ஒரு முழம் சேற்றில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தியா! துப்பட்டா!” என்று கதவைத் திறந்தேன். சத்தம்தான், ஆனால் நான் வண்டிக்கு வெளியே நின்றிருந்தேன், அதோடு அது வெற்றி முழக்கம். அவளும் விட்டுவிட்டாள். எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று இருவரும் நெகிழ்ந்து போனோம். முன்பின் தெரியாத இடத்தில் ஒரு பொம்பளையின் சால்வைக்காக நான்கு பேர் விரல் தூக்குகிறார்கள் என்றால் சும்மாவா?

சால்வையை உள்ளே எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் புறப்பட்டோம். நூறு மீட்டர் போயிருக்கமாட்டோம். எதிரே ஒரு கிழவர், சின்னக் காரில். விரல்.

இப்போது எனக்கு வேறு விதமான சந்தேகம். வேறு நாட்டில் போய்க் குடியிருந்தவனுக்கு மட்டும் வரும் சந்தேகம் அது: கோளாறு வண்டியில் இல்லையோ, வண்டிக்குள் இருப்பவர்களிடம் இருக்கிறதோ? அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். முறுக்கு டப்பாவைக் கீழே இறக்கி வைத்தாள்.

அந்த நேரத்தில் வளைவைத் தாண்டி டிராக்டர் வந்தது.

வந்தது என்பது சரியல்ல. சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. ஒதுங்க இடமில்லை. கடைசியாக ஒரு வேலிக் கதவைப் பார்த்தது எனக்குப் பின்னால் ஐம்பது அறுபது மீட்டரில். டிராக்டருக்குப் பின்னால் வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் வேறு. அது பின்னால் போகாது என்பது எனக்கே தெரிந்தது. ஆக, நான்தான் போகவேண்டும். மழையில், ரிவர்ஸில், வளைவில், பின் கண்ணாடி முழுவதும் பனிமூட்டமாக, ஐம்பது மீட்டர்.

வலது கை கதவில் முட்டியது. இடது கை ரிவர்ஸ் கியரைத் தேடியது, கிடைக்கவில்லை. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. டிராக்டர்காரர் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். உள்ளே எல்லாம் தயாராக இருந்தது. கடல் பாக்கோணும்னு யாரு சொன்னது, இந்த ரோட்ல வரச் சொன்னது யாரு, வாயில என்ன… முதல் எழுத்து உதட்டில் வந்து நின்றது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். இறங்கத் தயாராகிறாள்.

வாயை மூடினேன். மூடிய வாய்க்குள் என்னென்னவோ நடந்தது.

அவள் இறங்கியே விட்டாள். குடையை விரித்தாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். நான் கத்தவே இல்லையே என்று நியாயம் கேட்க ஜன்னலை இறக்கினேன். அப்போது பின்பக்கம் டமால் டமால் என்று இரண்டு தட்டு விழுந்தது.

“வரலாம் வரலாம் வரலாம்!”

ஈரோடு பஸ் ஸ்டாண்டில் பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் எழுப்பும் அதே குரல். இருபத்தாறு வருடத்தில் அவளிடமிருந்து நான் கேட்டிராத குரல்.

“வரலாம் வரலாம்… லேசா ஒடிங்க… ரைட்ல ஒடிங்க! ரைட்டுன்னா அந்த ரைட்டு இல்லீங்க, என்ற பக்கத்து ரைட்டு! வரலாம் வரலாம்…”

ரிவர்ஸ் கியர் தானாகவே அகப்பட்டது. கண்ணாடியை நான் பார்க்கவில்லை. குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். டிராக்டர் எங்களோடு கூடவே மெதுவாக முன்னால் வந்தது, சாமி ஊர்வலம் மாதிரி.

“ஹோல்டான்! ஹோல்டான்! நிறுத்துங்கன்னு சொல்றேனல்லோ! காது கேக்குதா இல்லியா? கல்லு இருக்குது, கல்லு!”

அப்படி ஒரு கத்தல். புதருக்குள்ளிருந்து இரண்டு பறவைகள் எழுந்து பறந்தன. நிறுத்தினேன். ஒடித்தேன். வேலிக் கதவின் இடைவெளியில் கார் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்தது.

அவள் நனைந்துபோய் உள்ளே ஏறினாள். மூச்சு வாங்கியது. நான் ஒன்றும் சொல்லாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நேரங்களில் மௌனம் எவ்வளவு சுகம்!

“நான் கத்தினது கணக்குல வராது” என்றாள்.

“நான் கேக்கவே இல்லையே.”

“வண்டிக்குள்ளதான் ரூலு. நான் வெளிய நின்னு கத்துனேன்.”

“ஆமா ஆமா.”

“சிரிக்காதீங்க.”

டிராக்டர் எங்களுக்கு நேரே வந்து நின்றது. ஓட்டுநர் என் வயதுக்காரர். மழை அவர்மேல் விழுவதையே கவனிக்காதவர். கடந்து போகும் முன் அவரும் அந்த விரலை உயர்த்தினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஜன்னலை முழுவதும் இறக்கி, ஐயா, என் வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டேன்.

அவர் இறங்கி வந்தார். நான் கேட்டதற்காக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மரியாதைக்கு ஒரு டயரை உதைத்தார். ஒன்றுமில்லை, வண்டி கிராண்ட் என்றார்.

அப்படியானால் ஏன் வருகிறவர்களெல்லாம் விரலைக் காட்டுகிறார்கள் என்று கேட்டேன். மனிதர்கள் ஏன் மூச்சு விடுகிறார்கள் என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தார். தன் விரலைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“தட்ஸ் ஜஸ்ட் ஹலோ” என்றார்.

அங்கே சின்ன சாலைகளில் எதிரே யார் வந்தாலும் ஒரு விரல். தெரிந்தவர் என்றால் இரண்டு. கை முழுவதையும் தூக்கினால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று வண்டியை நிறுத்திவிடுவார்களாம். கடைசியாகச் சொன்னது நிஜமா கிண்டலா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. போகும்போது என் மனைவியைப் பார்த்து, ஒரு பெரிய கலைஞரை வாழ்த்துவதுபோலத் தலையைத் தாழ்த்தி, இரண்டு விரல் தூக்கினார். எனக்கு ஒன்றுதான்.

அத்தனை பேர் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். நான் அத்தனை பேருக்கும் லைட்டை அணைத்துக் காட்டியிருக்கிறேன். மிச்சமிருந்த வழியில் கடனே என்று இல்லாமல் மனப்பூர்வமாக எல்லோருக்கும் விரல் தூக்கினேன். ஆடுகளுக்கும் தூக்கினேன்.

கடல் வந்தது. சாம்பல் நிறத்தில், மழையோடு மழையாக. எது கடல், எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. காரைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு டீ ஊற்றிக்கொண்டோம். கண்ணாடியில் நீர் வழிந்தது. முறுக்கு நமுத்திருந்தது. அதையும் தின்றோம். வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. காலையில் எனக்குப் பிடிபடாத அந்த ஒன்றுமில்லாமை, இப்போது தானாக வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

“அன்னைக்கு ரெண்டு தடவை சொன்னேனுங்க” என்றாள், கடலைப் பார்த்தபடியே. “எக்ஸிட் வருதுன்னு. ரெண்டு தடவை.”

பதினோரு மாதத்தில் நான் பல பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். ஏசி சத்தம், பாட்டுச் சத்தம், ஜிபிஎஸ் தப்பாகச் சொன்னது.

“கேட்டுச்சு” என்றேன்.

அவள் திரும்பினாள்.

“ரெண்டு தடவையும் கேட்டுச்சு. பக்கத்துல பெரிய லாரி. அதைத் தாண்டி லேன் மாற பயமா இருந்துச்சு. அதான் மாறல. அப்புறம் யாரையாவது கத்தணும்னு தோணுச்சு. நீதான் இருந்த.”

அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப பயமா இருக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“அந்த நேரத்துல வாய்ல வேற ஏதாவதுதான் வருது.”

“வாய் வேண்டாம்.” யோசித்தாள். “விரலைத் தூக்குங்க. ஒத்தை விரல். நான் புரிஞ்சுக்கறேன்.”

“தூக்கினா என்ன பண்ணுவ?”

“வரலாம் வரலாம்னு சொல்றேன்.”

திரும்பும்போது அந்தச் சாலையில் நான் எதிரே வந்த மூன்று வண்டிகளுக்கு விரல் தூக்கினேன். அதில் எது வணக்கம், எது பயம் என்று எதிரே வந்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவளுக்குத் தெரிந்தது. “வரலாம்” என்றாள் ஒவ்வொரு முறையும், மெதுவாக.

ஊருக்கு வந்தோம். சனிக்கிழமை காலை நான் வழக்கம்போல என் சாவியை எடுத்தேன். அவள் தன் சாவி மாட்டியிருக்கும் ஆணியைத் தாண்டி நடந்தாள். கராஜில் என் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். பிறகு கதவை மறுபடி திறந்து புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் எதையும் பார்க்காததுபோல ரிவர்ஸ் எடுத்தேன். கேமரா திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் அவள் ஒரு “வரலாம்” சொன்னாள்.

287-இல் நுழையும்போது இடப்பக்கம் ஒரு பெரிய லாரி. என் விரல் எழுந்தது.

“வரலாம் வரலாம்” என்றாள். “அவன் போகட்டும். இப்ப ஒடிங்க.”

நான் கத்தவில்லை என்று சொல்ல ஆசைதான். ஒரு சின்ன “முருகா” உண்டு. அது கணக்கில் வராது.

எக்ஸிட்டில் சரியாக இறங்கி, கோவில் பார்க்கிங்குக்குள் திரும்பினேன். எங்கே இடம் கிடைக்குமோ என்ற பதற்றத்தில் விரல் இன்னும் இறங்காமலே இருந்தது. எதிரே, அர்ச்சனையை முடித்துவிட்டு அந்த அப்பள அங்கிள், பின்சீட்டில் ஆன்ட்டியோடு, தன் காரில் வெளியே வந்துகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே காரில் இருப்பதைப் பார்த்தார். என் விரலையும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

கண்ணாடியில் பார்த்தேன். அங்கிள் காரை ஓரம் கட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முன் டயரை ஓர் உதை. பின் டயரை ஓர் உதை. பின்கதவுப் பக்கம் ஆன்ட்டியின் தலைப்பு தொங்குகிறதா என்று குனிந்து பார்த்தார்.

“நிறுத்துங்க, போய்ச் சொல்லிட்டு வந்துரலாம். பாவம்” என்றாள் என் மனைவி. சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தாள்.

“என்னன்னு சொல்றது?”

அவளுக்கும் தெரியவில்லை. அங்கிள் மறுபடி காரில் ஏறினார். அவருடைய கார் லைட் அணைந்தது. பிறகு எரிந்தது. பிறகு மறுபடி அணைந்தது.